ஒன்றரைக் கிலோ சேலை

குறைந்த செலவில் பாங்காக உடுத்துவது எங்கள் தர்மபுரி மாவட்டத்தில் பெரிய வித்தை இல்லை. வடக்கே பெங்களூரு சிக்பேட்டை, தெற்கே சேலம், அதைத் தாண்டினால் ஈரோடு, திருப்பூர். எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும் துணி மலிவு. வித்தை இருப்பது வேறு இடத்தில்: அது மலிவு என்று சொந்தக்காரர்களுக்குத் தெரியாமல் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வீடு திரும்புவதில்.

மற்ற ஊர்களில் "புடவை நல்லாயிருக்கு" என்பதோடு விட்டுவிடுவார்கள் என்று கேள்வி. இங்கே அது முன்னுரை. அடுத்து முந்தானையை இரண்டு விரலால் பிடித்துத் தேய்த்துப் பார்ப்பார்கள். அதற்கடுத்து, "எவ்ளோ கண்ணு?" இந்தக் கேள்விக்கு உண்மையைச் சொன்ன பெண்ணை நான் இன்னும் பார்க்கவில்லை. பள்ளிக்கூடத்து ஆசிரியர் அறையில் விலையைக் குறைத்துச் சொல்ல வேண்டும். 900-க்கு வாங்கியதை 600 என்றால் கெட்டிக்காரி. கல்யாண மண்டபத்தில் ஏற்றிச் சொல்ல வேண்டும். அதே சேலை அங்கே 2,400. இரண்டு இடத்துக்கும் பொதுவாக ஓர் ஆள் இருந்துவிட்டால்தான் வம்பு. எங்கள் கணக்கு டீச்சர் என் நாத்தனாருக்கு ஓரகத்தி. அந்த அம்மா வருகிற கல்யாணங்களில் மட்டும், "வீட்டுக்காரர் எடுத்துக் குடுத்தது, வெல தெரியாது" என்று முடித்துக்கொள்வேன். கல்யாணமான நாளிலிருந்து வீட்டுக்காரர் எனக்கு எடுத்துக் கொடுத்தது ஒரு குடை.

நான் தனியார் பள்ளி ஆசிரியை. இதைச் சொன்ன பிறகு சம்பளத்தைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் சேலை மட்டும் தினம் ஒன்று வேண்டும். எந்தக் கிழமைக்கு எந்தச் சேலை என்பது என்னைவிட என் ஏழாம் வகுப்புப் பெண்களுக்கு நன்றாகத் தெரியும். ஒரு செவ்வாய்க்கிழமை மாம்பழ மஞ்சளுக்குப் பதிலாகப் பச்சையைக் கட்டிக்கொண்டு போனேன். முதல் பெஞ்சிலிருந்து ஒரு கை எழுந்தது. "மிஸ், இன்னிக்கு வியாழக்கிழமையா?"

பணமில்லாமல் நல்ல துணி உடுத்துவதற்கு எங்கள் ஊரில் சங்க காலத்திலேயே ஒரு வழி இருந்தது. தர்மபுரிதான் அந்தக் காலத்துத் தகடூர், அதியமான்களின் ஊர். அதியமான் மகன் பொகுட்டெழினியை அவ்வையார் பாடிய பாட்டு புறநானூற்றில் இருக்கிறது. பனி விழும் விடியற்காலையில் அரண்மனை வாசலில் போய் நின்று, கிணைப் பறையைத் தட்டிப் பாடுகிறார் ஒருவர். பாடியவர் மேலிருந்த துணி, ஊர்க் கேணியில் படரும் பாசியின் வேர் மாதிரி நைந்துபோனது. எழினி அந்தக் கந்தலை நீக்கி, நுண்ணிய நூலில் நெய்த கலிங்கத்தை உடுத்தி, கள்ளும் விருந்தும் கொடுத்தான். இவ்வளவுக்கும் பாடியவருக்கு ஆன செலவு ஒரு பாட்டு. முக்கியமாக, அந்தக் கலிங்கம் என்ன விலை என்று எழினியின் அத்தைமார் யாரும் வந்து தடவிப் பார்த்ததாகப் பாட்டில் இல்லை.

இப்போது அரசாங்கத்தைப் பாட வேண்டிய அவசியமே கிடையாது. எம்.ஜி.ஆர். முதல்வராக இருந்தபோது 1983-இல் தொடங்கிய திட்டத்தில், பொங்கலுக்கு ரேஷன் கடையில் வேட்டி சேலை வந்துவிடுகிறது. எங்கள் தெருவில் அந்தச் சேலை ஜன்னல் திரையாகவும், குழந்தைக்குத் தூளியாகவும், மொட்டை மாடியில் வடகம் காயப்போடவும் உழைத்துக்கொண்டிருக்கிறது. ஒருத்தி கட்டிக்கொண்டு கல்யாணத்துக்கு வந்தால் மட்டும் மண்டபமே கண்டுபிடித்துவிடும். எல்லார் வீட்டிலும் இருக்கிற டிசைன்.

எனக்கு வாய்த்த பரிசோதகர் என் அத்தை. பாலக்கோடு பக்கம் இரண்டு ஏக்கரில் மல்பெரி போட்டுப் பட்டுப்புழு வளர்க்கிறார். தர்மபுரியில் அரசுப் பட்டுக்கூடு அங்காடி இருக்கிறது. கூட்டைக் கொண்டுபோய்க் கொட்டினால் ஏலம் விட்டு, எடை போட்டு, பணம். பிற ஊர்களில் போலிப் பட்டைக் கட்டிக்கொண்டு நிம்மதியாகச் சாப்பிடலாம். இங்கே பந்தியில் பக்கத்து இலைக்காரி பட்டுப்புழுவுக்குப் பேறுகாலம் பார்த்தவளாக இருப்பாள்.

புழு பொரிந்து கூடு கட்டும்வரை ஏறக்குறைய 25 நாள். அதற்குள் நாலு தடவை தோலுரிக்கும். கடைசிப் பருவத்தில் ராத்திரி பகல் பார்க்காமல் தின்னும், நாமும் ராத்திரி பகல் பார்க்காமல் தழை போட வேண்டும். புழு வீட்டுக்குள் ஊதுபத்தி கூடாது, கொசுவர்த்தி கூடாது, பவுடர் பூசிக்கொண்டு நுழையக் கூடாது. அந்த நாட்களில் அத்தையின் அலங்காரம்: சாயம் போன நைட்டி, அதன்மேல் மாமாவின் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. ஊர் ஊராகப் பணக்காரக் கல்யாணங்களில் மின்னப்போகிற பட்டு, பிறந்தவுடன் முதலில் பார்க்கிற உடை அதுதான்.

ஒரு கிலோ பட்டு நூலுக்கு ஆறேழு கிலோ கூடு வேண்டும். அதனால் உலகத்தில் எந்தப் பொருளையும் அத்தை கூட்டுக் கணக்கில்தான் மதிப்பிடுவார். தங்கை மகன் செல்போன் வாங்கினால், "முப்பது கிலோ கூட்டைப் பாக்கெட்டுல போட்டுக்கிட்டுத் திரியறான்" என்பார். பேச்சோடு நிறுத்தவும் மாட்டார். சந்தேகம் வந்தால் ஓரத்தில் ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பார்ப்பார். நிஜப் பட்டு தலைமயிர் கருகிய வாடையோடு சாம்பலாகும். பாலியஸ்டர் உருகி, ஆறினதும் கெட்டியான மணியாக உருளும். மத்தியப் பட்டு வாரியம் 2004-இல்தான் 'சில்க் மார்க்' முத்திரை கொண்டுவந்தது. எங்கள் குடும்பத்தில் அதற்கு வெகு நாள் முன்பிருந்தே அத்தையும் ஒரு தீப்பெட்டியும் இருக்கிறார்கள்.

இப்படிப்பட்ட அத்தையிடமிருந்து என்னைக் காப்பாற்றுகிற ஊர் இளம்பிள்ளை. சேலத்துக்குப் பக்கம், வீதிக்கு வீதி தறிச் சத்தம். பட்டின் மினுமினுப்பும் மடிப்பும் கொண்ட சேலைகள் அங்கே சில நூறு ரூபாயிலிருந்தே கிடைக்கும். ஆனால் கண்ணைப் பறிப்பதை எடுத்தால் தொலைந்தோம். மலிவுச் சேலையை முதலில் காட்டிக்கொடுப்பது ஜரிகை. நிஜ ஜரிகை என்பது பட்டு நூலின்மேல் வெள்ளிக் கம்பி சுற்றித் தங்க முலாம் பூசியது. "பழைய பட்டுப் பொடவ வாங்கறோம்" என்று ஒலிபெருக்கியோடு தெருவில் வருகிறவர்கள் தேடுவது அந்த வெள்ளியைத்தான். என் அலமாரியைத் திறந்து காட்டினால் அவர்கள் ஒலிபெருக்கியை அணைத்துவிட்டுப் போய்விடுவார்கள். ஆகையால் ஒல்லிக் கரை, அடங்கின நிறம்: அரக்கு, கத்தரிப்பூ, பாக்கு நிறம். அடக்கமான நிறத்தில் ஒருத்தி வந்தால், நிறைய வைத்துக்கொண்டு காட்டிக்கொள்ளாதவள் என்று ஊர் தானாகவே நினைத்துக்கொள்ளும். நாம் மறுக்காமல் இருந்தால் போதும்.

மிச்சப்படுத்தியதெல்லாம் பிளவுஸுக்குப் போகும். சேலை 750 ரூபாய், அதற்கு லைனிங் வைத்துத் தைக்கக் கூலி 450, ஃபால்ஸ் அடிக்கத் தனி. கழுத்தில் கொஞ்சம் ஆரி ஒர்க் கேட்டால், தையல்கார அக்கா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கொஞ்சம்னா எவ்ளோ, ஆயிரத்துக்கா ரெண்டாயிரத்துக்கா?" என்பாள். இங்கேதான் நான் கருமித்தனத்தை விட்டுவிடுவேன். துணி மட்டமாக இருந்தாலும், தோளில் சுருக்கமில்லாமல் கை சரியாக உட்கார்ந்துவிட்டால் பார்க்கிறவர் கண் அங்கேயே நின்றுவிடும், கரைக்கு இறங்காது. பழைய தங்க நிறத்தில் ஒரு நல்ல பிளவுஸ் வைத்திருக்கிறேன். அது எந்தச் சேலைக்கும் பொருந்தும். என் புகைப்படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், ஒரு பிளவுஸ் பல சேலைகளைக் கட்டிக்கொண்டு ஊர் சுற்றியது தெரியும்.

பருத்திக்கு இந்தக் கள்ளத்தனமே வேண்டாம். 1935-இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸில் தீபாவளிக்கு 30 சதவீதம் தள்ளுபடி. அரசு ஊழியர்களுக்கு வட்டியில்லாத் தவணையும் உண்டு. நமக்கு இல்லை, அந்த வயிற்றெரிச்சலை இங்கே விரிக்கவில்லை. கைத்தறிச் சேலையில் விலை நிற்பதே கஞ்சியில்தான். மரவள்ளி விளைகிற சீமை இது. சேலத்தில் ஜவ்வரிசி ஆலைக்காரர்களுக்கென்று 1981-இலிருந்து 'சேகோசர்வ்' கூட்டுறவுச் சங்கமே இருக்கிறது. வீட்டில் ஜவ்வரிசிக்குப் பஞ்சமில்லை. ஒரு கைப்பிடியைக் கண்ணாடியாகக் காய்ச்சி, வடிகட்டி, தண்ணீர் விட்டு நீர்க்கவைத்து, சேலையை முக்கி, உதறி நிழலில் காயப்போட்டு, லேசான ஈரத்தில் தேய்த்தால் மூன்று வருஷத்துச் சேலை நேற்று வாங்கியதாகிவிடும். காய்ச்சி ஆறவைத்த சட்டியை மட்டும் அடுப்படியில் விட்டுவிடக் கூடாது. வீட்டுக்காரர் ஒருமுறை ஒரு டம்ளர் குடித்துவிட்டு, "பாயசத்துக்குச் சர்க்கர கம்மி" என்றார். அன்று முழுக்க அவரும் விறைப்பாகத்தான் இருந்தார்.

ஆண்கள் சங்கதியைப் பேசவே வேண்டாம். ஒரு வெள்ளை வேட்டி, ஒரு வெள்ளைச் சட்டை, கொஞ்சம் நீலம், தெருமுனை இஸ்திரிக்காரரின் கரிப்பெட்டி. கட்சிக்காரரா, மாப்பிள்ளை வீட்டாரா, கடன் கேட்க வந்தவரா என்று யாராலும் சொல்ல முடியாது. திருப்பூருக்கு வேலைக்குப் போன பையன்கள் லீவுக்கு வரும்போது எக்ஸ்போர்ட்டில் கழித்த டீ-ஷர்ட்களை மூட்டையாகக் கொண்டுவருவார்கள். ஒரு தையல் கோணிவிட்டது என்று எந்தச் சீமையிலோ வேண்டாம் என்ற சட்டையைப் போட்டுக்கொண்டு அரூர் பஸ் ஸ்டாண்டில் மைனராக நிற்கலாம். அங்கே தையலை யார் எண்ணப் போகிறார்கள்?

போன வைகாசியில் பென்னாகரத்தில் ஒரு கல்யாணம். கத்தரிப்பூ நிற இளம்பிள்ளைச் சேலையும் தங்க பிளவுஸுமாகப் போனேன். பந்தியில் எனக்குப் பக்கத்து இலை அத்தை. உட்கார்ந்ததும் உட்காராததுமாக இடது கை என் முந்தானைக்கு வந்தது. தேய்த்தார். முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனார். நல்லவேளை, பந்தியில் தீப்பெட்டி வைக்கிற வழக்கம் இல்லை.

"நாலு கிலோ இருக்குமா?" என்றார்.

கூடு கிலோ 500 ரூபாய்க்குப் போய்க்கொண்டிருந்த சமயம். 2,000 ரூபாய்! பட்டுப்புழு வளர்க்கிறவர் வாயால்! "கிட்டத்தட்ட அவ்வளவு வரும் அத்த" என்று இலையைப் பார்த்துச் சொன்னேன்.

"அப்ப எனக்கும் அதே மாதிரி ஒண்ணு எடுத்துக் குடு. நிஜப் பட்டு கட்டுனா எனக்கு உள்ள இருக்கற புழுதான் நெனப்பு வருது, சோறு எறங்க மாட்டேங்குது." சுருக்குப்பையை அவிழ்க்க ஆரம்பித்தார்.

சொந்த அத்தையிடம் நாலு கிலோ வாங்கினால் பாவம். உண்மையைச் சொன்னால் மானம் போகும். நடுவில் ஒரு வழி தோன்றியது. "உங்களுக்குன்னு சொன்னா கடைக்காரர் கொறச்சுக் குடுப்பாரு அத்த. ரெண்டரை கிலோவுல முடிச்சுடலாம்."

அத்தை ரசத்தை உள்ளங்கையில் வாங்கி நிதானமாக உறிஞ்சினார். "ஒண்ணரை."

"அத்த?"

"ஒண்ணரை கிலோ. அதுக்கு மேல ஒரு கூடு தர மாட்டேன். கரை பூரா பிளாஸ்டிக்கு ஜரிகை." 750 ரூபாயை எண்ணி என் இலைக்குப் பக்கத்தில் வைத்தார். "ஜாக்கெட்டுதான் லட்சணமா இருக்கு. தச்சவ போன் நம்பர் இருந்தா அதையும் குடு."