நடுவழி வாசியின் விண்ணப்பம்

அனுப்புநர்: காணை வட்டாரத்துப் பிரயாணி ஒருவன், விழுப்புரம் மாவட்டம்.
பெறுநர்: மத்திய சிவில் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தார், புது தில்லி.
பொருள்: சென்னை - திருச்சி விமானப் பிரயாண நேரத்தை வீட்டு வாசலிலிருந்து கணக்கிடக் கோருதல்.

மகாகனம் பொருந்திய அமைச்சகத்தார் சமுகத்திற்கு,

மீனம்பாக்கத்திலிருந்து திருச்சிராப்பள்ளி விமான நிலையம் ஆகாய மார்க்கமாக 300 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவென்றும், அதைக் கடக்க ஏறக்குறைய ஒரு மணி நேரமே பிடிக்குமென்றும் அறிந்து பரம சந்தோஷமடைந்த அடியேன், பூகோளப் படத்தை விரித்து அவ்விரண்டுக்கும் இடையே அடிக்கோலால் ஒரு நேர்கோடு இழுத்துப் பார்த்தபோது, அக்கோடு ஏறத்தாழ நடுமத்தியில் விழுப்புரத்தின் உச்சந்தலை மீதே செல்வதையும், எங்கள் காணை அதற்குச் சில கிலோமீட்டர் மேற்கே அடக்க ஒடுக்கமாக நிற்பதையும் கண்டு, எங்களுக்கு வாய்த்த பாக்கியத்தை எண்ணிப் பூரித்துப் போனேன்.

அப்பாக்கியத்தை அனுபவிக்கும் கிரமம் பின்வருமாறு: திருச்சிக்குப் போக வேண்டிய காணைவாசி, முதலில் திருச்சிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வடக்கே ஏறத்தாழ 150 கிலோமீட்டர் செல்ல வேண்டும். காரில் போகிறவனானால் விக்கிரவாண்டி, ஆத்தூர், பரனூர் ஆகிய மூன்று சுங்கச்சாவடிகளுக்கும் தட்சிணை வைக்க வேண்டும். விமானம் கிளம்ப இரண்டு மணி நேரத்துக்கு முன்னரே போய்ச் சேர்ந்து, பாதுகாப்புச் சோதனையில் வேட்டியின் மானத்தைக் காத்து நிற்கும் பச்சை பெல்ட்டை அவிழ்த்துத் தட்டில் இட்டு, வேட்டியைப் பிடிக்க ஒரு கையையேனும் விட்டுவைக்கச் சட்டத்தில் இடமில்லாமையால், இரு கைகளையும் அகல விரித்துக்கொண்டு தெய்வத்தின் மீது பாரத்தைப் போட்டு நிற்க வேண்டும். இத்தனையும் கடந்து அவன் ஏறி அமர்ந்தால், அரை மணி நேரத்தில் தங்கள் விமானம் அவனைக் கொண்டுவந்து நிறுத்தும் இடம், அன்று காலை அவன் பூட்டிவிட்டுக் கிளம்பிய வீட்டின் சமீபமே. நிறுத்தும் என்பதும் உபசார வார்த்தைதான், இறக்கிவிடுவதில்லை. அவனுடன் புறப்பட்டு விழுப்புரம் ஜங்ஷனில் ரயிலேறிய அண்டைவீட்டுக்காரரோ, கார்டு லைனில் 178 கிலோமீட்டரைச் சுமார் இரண்டு மணி நேரத்தில் கடந்து, திருச்சிக்குப் போன காரியத்தையும் முடித்திருப்பார்.

சமீபத்திலுள்ள புதுச்சேரி லாஸ்பேட்டை விமான நிலையத்துக்குப் போகலாகாதா எனக் கேட்பீர்களாயின், 2024 டிசம்பரில் அங்கே மீண்டும் தொடங்கிய விமானங்கள் பெங்களூருக்கும் ஐதராபாத்துக்குமே பறந்தன. பெங்களூர்தான் போவதென்றாலும், மேற்கே போக வேண்டிய நாங்கள் முதலில் கிழக்கே கடற்கரைப் பக்கம் போயாக வேண்டும். தெற்கே உளுந்தூர்ப்பேட்டையில் இரண்டாம் உலக யுத்த காலத்து ஓடுதளம் ஒன்று உண்டு. யுத்தம் கொண்டுவந்த விமானத்தைச் சமாதானம் கொண்டுவரவில்லை.

ரப்பர் செருப்பு அணிந்தவனும் பறக்க வேண்டுமென்று 2016-இல் தொடங்கிய தங்கள் உடான் திட்டம், ஒரு மணி நேரப் பறப்புக்கு, ஆசனங்களில் பாதிக்கு, 2,500 ரூபாய் என்று வரம்பு கட்டிற்று. அந்த ஒரு மணி நேரம் ஓடுதளத்தில் பிறந்து ஓடுதளத்திலேயே முடிகிறது. ரப்பர் செருப்பு தேய்வதெல்லாம் அதற்கு முன்னும் பின்னுமே ஆகையால், அது தங்கள் கணக்கில் ஏறுவதில்லை.

ஆதலால், பிரயாண நேரத்தைப் பிரயாணியின் வாசற்படியிலிருந்து எண்ணி டிக்கெட்டிலேயே அச்சிடும்படி உத்தரவாக வேண்டும். அது அசாத்தியமெனில், விழுப்புரத்திலிருந்து திருச்சி வரைக்குமான கட்டணத்தை மட்டும் எங்களிடம் வசூலித்தாலும் போதுமானது. அதற்கு வடக்கே பறந்த தூரம் முழுவதும், நாங்கள் ஊர் திரும்பிய செலவேயன்றி வேறன்று.

இங்ஙனம்,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
தரையில் நிற்கும் பிரஜை.