குரங்கு தட்டிய ஹூட்

கே: கொடைக்கானல் தூண் பாறையில் கடலைப் பொட்டலத்துக்குப் பாய்ந்த குரங்கு, என் கேமராவையும் தட்டிவிட்டது. லென்ஸ் ஹூட் உடைந்துவிட்டது. ஒட்டுவதா, புதிது வாங்குவதா?
– வாசகர், ஒட்டன்சத்திரம்

ப: முதலில் ஹூடுக்கு ஒரு கும்பிடு போடுங்கள். அடியை அது வாங்கிக்கொண்டதால்தான் லென்ஸ் கண்ணாடி பிழைத்தது.

விளிம்பில் விரிசல் மட்டும் என்றால் ஃபெவிக்விக் போதும். ஆனால் லென்ஸிலிருந்து கழற்றி ஒட்டி, நன்றாகக் காய்ந்த பிறகே மாட்டுங்கள். அந்தப் பசையின் ஆவி கண்ணாடியில் வெள்ளையாகப் படியும். குரங்கு விட்டுவைத்ததை நீங்கள் முடித்துவைத்ததாகிவிடும்! மாட்டும் பகுதியே உடைந்திருந்தால் ஒட்டு நிற்காது, புதிதுதான்.

அதுவரை கறுப்பு சார்ட் பேப்பரும் ரப்பர் பேண்டும் போதும். இடது உள்ளங்கையும் இலவசம். கோக்கர்ஸ் வாக் நடைபாதையில் மூடுபனி இறங்கிவிட்டால் ஹூடுக்கு வேலையே இல்லை. பனி விலகி, பக்கவாட்டில் வெயில் அடிக்கும்போதுதான் படம் வெளிறும். ஏறத்தாழ 7,000 அடி உயரத்து வெயில் அல்லவா! கொடைக்கானல் சூரிய ஆய்வகம் நூறாண்டுக்கு மேலாகச் சூரியனையே படம் பிடிக்கிறது. சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை வானியலாளர் எவர்ஷெட் 1909-ல் கண்டதும் அங்கேதான். அவர்களுக்குச் சூரியன் படத்துக்குள் வர வேண்டும், உங்களுக்கு வரக்கூடாது.

கடையில் "எல்லாத்துக்கும் சேரும் சார்" என்று நீட்டுவதை வாங்காதீர்கள். அகலக் கோணத்தில் படத்தின் மூலைகள் இருண்டுவிடும். லென்ஸுக்குரிய எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்: கேனான் இ.எஃப்-எஸ் 18-55 எஸ்.டி.எம். என்றால் இ.டபிள்யூ-63சி. எண் சரியாக இருந்தால் டூப்ளிகேட்டே போதும். கறுப்பு பிளாஸ்டிக் வளையத்துக்குக் கம்பெனிப் பெயர் எதற்கு?