மாஸ்டர் காலுக்கு எட்டாத மிதி

காலை ஆறரை மணிக்கு ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் சாலையில் ஒரு கார் குதித்துக் குதித்து வந்தால், ஓட்டுகிறவரை விட்டுவிடுங்கள். பக்கத்து சீட்டைப் பாருங்கள். சட்டைப் பையில் இரண்டு பேனா, மடியில் எல்.எல்.ஆர். கட்டு, எதற்கும் அதிராத முகம். அவர்தான் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர்.

பயிற்சி வண்டியில் சொல்லித் தருகிறவருக்கும் கட்டுப்பாடு இருக்க வேண்டும் என்கின்றன 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள். அதனால் மாஸ்டர் காலடியில் ஒரு பிரேக் உண்டு, ஒரு கிளட்ச் உண்டு. ஆக்சிலேட்டர் கிடையாது. ஆடிப்பூரத் தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவருக்கு உள்ள அதிகாரம்தான் அவருக்கும்: நிறுத்தலாம், கிளப்ப முடியாது. கிளப்புகிற உரிமை முழுக்க, மில்லில் ரிட்டயராகிப் பணம் வந்ததும் கார் வாங்கிவிட்ட அண்ணாச்சியிடம்.

“லேசா குடுங்க அண்ணாச்சி.”

வண்டி அலறும்.

“கால எடுங்க, கால எடுங்க!”

எடுத்துவிடுவார். வண்டி ஆஃப். பின்னால் பஸ்காரன் ஹாரன்.

“எடுக்கச் சொன்னா மொத்தமாவா எடுப்பீக?”

பிறகு மாஸ்டர் தன் வலது காலால் வெறும் தரையை அரை அங்குலம் அழுத்திக் காட்டுவார். குதிகால் தரையை விட்டு நகரக் கூடாது, முன்பாதம் மட்டும் இறங்க வேண்டும். மாருதி 800 தயாரிப்பு 2014-லேயே நின்றுவிட்டது. இவருடைய வண்டி நிற்கவில்லை. இத்தனை வருஷம் அழுத்தியதில் அந்த இடத்து மேட் மட்டும் தேய்ந்து தகரம் தெரிகிறது.

ஸ்ரீவில்லிபுத்தூர் நெருங்கும்போது வேறொரு கண்டம். ஆண்டாள் கோயிலின் 11 நிலைக் கோபுரம் கண்ணில் பட்டதும் அண்ணாச்சி ஸ்டியரிங்கை விட்டு இரண்டு கையையும் தூக்கிக் கும்பிடுவார். கால் மட்டும் ஆக்சிலேட்டரிலேயே இருக்கும். அந்த நேரத்தில் மாஸ்டரும் ஆண்டாளைத்தான் நினைப்பார், ஆனால் பிரேக்கில் நின்றுகொண்டு.

டெஸ்ட் அன்றைக்கு அந்த பிரேக்கும் போய்விடும். அவர் சீட்டில் பிரேக் இன்ஸ்பெக்டர் ஏறிக்கொள்ள, மாஸ்டர் ரோட்டோர வேப்பமரத்தடியில் நிற்பார். மேட்டில் நிறுத்தி, துளியும் பின்னால் உருளாமல் கிளப்ப வேண்டும். இதுவும் விதியில் உள்ளதுதான். ஹேண்ட்பிரேக்கை இழுத்து வைத்து, வண்டி லேசாக நடுங்குகிற வரை கிளட்சை விட்டு, ஆக்சிலேட்டரைப் பதமாகக் கொடுத்து, அப்புறம்தான் ஹேண்ட்பிரேக்கை இறக்க வேண்டும். கால் இரண்டு, வேலை நான்கு, பக்கத்தில் காக்கிச்சட்டை. நியாயமாகப் பார்த்தால் ஃபெயிலாகாதவர்களைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

மரத்தடியில் மாஸ்டர் கண்ணை மூடிச் சத்தத்தை மட்டும் கேட்பார். அடுத்த முறைக்குக் காத்திருக்கிற கூட்டம் அவர் வாயைப் பார்க்கும்.

“செகண்ட்ல போறாரு... இப்ப எடுத்துட்டாரு... ஏன் எடுத்தாரு? குடுங்க... அட, குடுங்கய்யா!” வலது கால் மண்ணில் அரை அங்குலக் குழி பறித்திருக்கும்.

பாஸானவர்கள் எல்லோரும் பால்கோவாவோடுதான் வருவார்கள். மாஸ்டருக்குச் சர்க்கரை. தேர்ச்சி கூடுகிற மாதம் மாத்திரையும் கூடுவதாக அவர் டாக்டர் கணக்கு வைத்திருக்கிறாராம். ஃபெயிலானவர்கள் கையை வீசிக்கொண்டு வந்து உடம்பைக் காப்பாற்றுகிறார்கள்.

சாயங்காலம் வீட்டுக்காரம்மாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு டி.வி.எஸ். எக்ஸெல்லில் கடைத்தெருவுக்குப் போவார். அதிலாவது ஆக்சிலேட்டர் அவர் கையில். ஆனால் இருபதைத் தாண்ட மாட்டார். “நடந்து போறவுகள்லாம் முந்திட்டுப் போறாக, கொஞ்சம் குடுங்களேன்!” என்று அம்மா பின்னாலிருந்து சத்தம் போடுவார், ஃபுட்ரெஸ்டைக் காலால் அழுத்திக்கொண்டே.