செமக்காவ் பெருமை

சிங்கப்பூரைப் புகழ வருகிறவர்கள் மரம், ரயில், விமான நிலையம் என்று மூன்றைச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். இந்த ஊரின் குப்பையை நின்று புகழ்ந்தவர்கள் அதிகம் இல்லை. புகழத் தகுந்தது அதில்தான் நிறைய இருக்கிறது. மனம் நிறைந்தே சொல்கிறேன். கீழே வரும் புகழில் ஒன்றும் இட்டுக்கட்டியது அல்ல.

குப்பைக் குழாயிலிருந்து ஆரம்பிக்கலாம். பழைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் அது சமையலறைச் சுவரிலேயே இருக்கிறது. இரும்பு மூடியை இழுத்தால் வாய் திறக்கும். நேற்றைய சாம்பார், பால் பெட்டி, முருங்கைக்காய்ச் சக்கை, செத்துப்போன சார்ஜர் எல்லாவற்றையும் ஒரே பையில் முடிச்சுப் போட்டு உள்ளே விட்டால், பத்து மாடி இறங்கி அடியில் தொப்பென்று விழும் சத்தம் கேட்கும். வேலை முடிந்தது. தைவானில் குப்பை லாரி பாட்டுப் போட்டுக்கொண்டு தெருவுக்கு வரும்போது பையைத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டும். கொரியாவில் 1995 முதல் குப்பை போடுவதற்கென்றே விற்கும் பையைக் காசு கொடுத்து வாங்கவேண்டும். எவ்வளவு குப்பையோ அவ்வளவு செலவு. ஜப்பானில் எந்தக் கிழமைக்கு எந்தக் குப்பை என்று அட்டவணை பார்க்கவேண்டும். இங்கே நள்ளிரவிலும் குழாய் திறந்திருக்கிறது. எதைப் போட்டாய் என்று கேட்பதில்லை, எவ்வளவு போட்டாய் என்றும் கேட்பதில்லை. குடியிருப்பவரின் நேரத்துக்கு இவ்வளவு மரியாதை வேறு எங்கே கிடைக்கும்?

அந்த வசதியைத் துளியும் கெடுக்காமல்தான் மறுபயனீட்டையும் கொண்டுவந்தார்கள். தேசிய மறுபயனீட்டுத் திட்டம் 2001இல் தொடங்கியது. இப்போது ஒவ்வொரு புளோக்கின் அடியிலும் ஒரு நீலத் தொட்டி நிற்கிறது. தாள், பிளாஸ்டிக், கண்ணாடி, உலோகம் எதையும் பிரிக்க வேண்டாம், எல்லாவற்றையும் ஒன்றாகப் போடலாம். குழாய் அடுப்புக்குப் பக்கத்தில். நீலத் தொட்டி மின்தூக்கியில் இறங்கிப் போகும் தூரத்தில். மக்களும் தங்களால் ஆனதைச் செய்தார்கள். நீலத் தொட்டிகளில் விழுவதில் ஏறத்தாழ 40 விழுக்காடு மறுபயனீட்டுக்கு ஆகாதது: மிச்சச் சோறு, பபிள் டீ கோப்பை, பழைய தலையணை. 2023இல் வீட்டுக்கு ஒரு நீலப் பெட்டி இலவசமாகக் கொடுத்தார்கள். 2018இல் 22 விழுக்காடாக இருந்த வீட்டு மறுபயனீடு 2023இல் 12 ஆனது, 2024இல் 11. 2030க்குள் 30 விழுக்காடு என்ற இலக்கை 2019இல் வகுத்தார்கள். எண் இறங்க இறங்க, இலக்கு ஓர் அங்குலம் அசையவில்லை. அந்த உறுதியைப் பாராட்டத்தான் வேண்டும்.

குழாயில் விழுந்தது எங்கே போகிறது? இங்குதான் இந்த ஊரின் பொறியியலுக்குக் கைதட்ட வேண்டும். 1979இல் உலு பாண்டானில் முதல் எரியாலை வந்தது. எரித்தால் குப்பையின் பருமனில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு போய்விடும். போகிற வழியில் மின்சாரமும் கிடைக்கும். மிஞ்சிய சாம்பல் துவாஸிலிருந்து படகில் ஏறித் தெற்கே செமக்காவ் போய்ச் சேரும். செமக்காவ், சாக்கேங் என்ற இரண்டு தீவுகளை 7 கிலோமீட்டர் கல்லணையால் வளைத்து, கடலுக்குள்ளேயே கட்டிய நிலம் அது. பரப்பு 350 ஹெக்டர், செலவு 610 மில்லியன் வெள்ளி, திறந்தது 1999 ஏப்ரல் 1. கட்டும்போது அழிந்த சதுப்புநிலக் காட்டுக்கு ஈடாகப் புதிதாகக் கன்று நட்டு வளர்த்தார்கள். இன்று அங்கே கொக்கு வருகிறது, பவளம் இருக்கிறது, பள்ளிப் பிள்ளைகளைப் பார்வையிட அழைத்துப் போகிறார்கள். நாற்றம் இல்லை. பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் குப்பைமேட்டுப் பக்கம் வாழ்ந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். அந்த மேடுகளில் தீப்பிடித்துப் புகை கிளம்பினால் சென்னையில் தெருவுக்கு வந்து சண்டை போடுகிறார்கள், நீதிமன்றத்துக்குப் போகிறார்கள். இங்கே சண்டை போட மூக்குக்கு ஒரு காரணம் கிடைப்பதில்லை. இவ்வளவு சுத்தமாக மறைந்துபோகும் ஒரு பொருளைக் குறைக்கச் சொல்லி யாரைக் கேட்பது, யார் கேட்பார்கள்?

செமக்காவ் 2045 வரை தாங்கும் என்றுதான் முதலில் எண்ணியிருந்தார்கள். இப்போது 2035 என்கிறார்கள். வேலையைப் பத்தாண்டு முன்கூட்டியே முடிக்கிற ஊர்.

இனி ஆலைகளுக்கு வருகிறேன். இங்கே என் புகழ் இன்னும் கூடுகிறது. கட்டட இடிபாடுகளில் 99 விழுக்காடு மறுபயனுக்குப் போகிறது. இரும்பிலும் அப்படித்தான், 99. ஜூரோங்கில் 1961இல் தொடங்கிய இரும்பாலை, பழைய இரும்பை மின் உலையில் உருக்கிக் கம்பியாக்கியே வளர்ந்தது. பின்னாளில் நேட்ஸ்டீல் என்று பெயர் பெற்று, நம் ஊர் டாட்டாவின் கையிலும் பல ஆண்டுகள் இருந்தது. வீவக கட்டடங்களின் தூண்களுக்குள் பழைய கப்பலும் பழைய காரும் நிற்கின்றன என்றால் அது மிகையில்லை. இடிபாட்டுக் கதையும் சுவையானது. இந்த ஊருக்குத் தோண்ட மணல் இல்லை. இந்தோனேசியா 2007இல் மணல் ஏற்றுமதியை நிறுத்தியபோது கட்டுமானத் துறை திணறிப்போனது. உடைத்த கான்கிரீட்டின் அருமை தெரிந்த ஊர் இது. எடைக்கடையில் இரும்புக்கு விலை உண்டு, இடிபாட்டை வாங்க ஆள் உண்டு. ஆகவே சுவரொட்டி இல்லாமல், பெட்டி இல்லாமல், பள்ளியில் பாடம் நடத்தாமல் 99 வருகிறது. பிளாஸ்டிக்குக்கு அந்த வரவேற்பு கிடையாது. 2023இல் அதன் மறுபயனீடு 5 விழுக்காடு.

நாட்டின் மொத்தக் கணக்கு என்று உலகத்துக்குக் காட்டும் எண்ணில் இந்த 99உம் அந்த 5உம் ஒன்றாகச் சேர்ந்துவிடுகின்றன. இரும்பும் கான்கிரீட்டும் தோள் கொடுக்க, பிளாஸ்டிக்கும் மிச்சச் சோறும் அதன்மேல் ஏறி உட்கார்ந்து வருகின்றன. அப்படியும் 2024இல் மொத்தம் 50 விழுக்காடுதான். 2030க்கு வைத்த இலக்கு 70. இந்த ஊரால் முடியாது என்று மட்டும் யாரும் சொல்லாதீர்கள். 99 போட்டுக் காட்டிய ஊர் இது. மனம் வைத்த இடத்தில் ஆசியாவுக்கே வழிகாட்டுகிறது. 2011 அக்டோபரில், குறைத்தல், மறுமுறை பயன்படுத்தல், மறுபயனீடு பற்றி ஆசிய நாடுகள் கூடிப் பேசும் வட்டார மன்றத்தை இங்கேதான் நடத்தினார்கள். வளங்களைச் சிக்கனமாய்ப் பயன்படுத்தும் ஆசியாவுக்கான பரிந்துரைகள் இந்த ஊரின் பெயரால் வெளிவந்தன.

மன்றத்தில் பேசியதை அதற்கு முன்பே கையால் செய்துகொண்டிருந்தவர்கள் லிட்டில் இந்தியாவின் ஓரத்திலேயே இருந்தார்கள். ரோச்சோர் கால்வாயை ஒட்டிய சுங்கை ரோட்டில், 1930களில் தொடங்கிய பழம்பொருள் சந்தை. திருட்டுச் சந்தை என்று பெயரே தவிர, கடைசிக் காலத்தில் விற்றதெல்லாம் பழைய ரேடியோ, ஓடாத கடிகாரம், சூட்கேஸ், செருப்பு, சமையல் பாத்திரம். வாடகை கிடையாது, தரையில் ஒரு கித்தானை விரித்தால் கடை. ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்கு வந்த தமிழ்த் தொழிலாளி, அடுத்த மழைக்கு ஒரு சட்டையும் அறைக்கு ஒரு மின்விசிறியும் அங்கேயே வாங்கிப் போகலாம். குழாயில் விழ வேண்டிய பொருளுக்கு இன்னொரு வாழ்நாள் கொடுத்த இடம் அது. 2017 ஜூலை 10ஆம் தேதி அதை மூடினார்கள். அந்த இடம் எதிர்கால வீடுகளுக்கு வேண்டும் என்றார்கள். அதே ஆண்டு அக்டோபரில் பக்கத்தில் ஜாலான் புசார் ரயில் நிலையம் திறந்தது. அடுத்த இரண்டாம் ஆண்டு, 2019, குப்பையில்லா நிலையை நோக்கிய ஆண்டு என்று அரசு அறிவித்தது. தரை ஏற்கெனவே சுத்தமாகிவிட்டிருந்ததால் அறிவிப்புக்குத் தடையேதும் இருக்கவில்லை.

சந்தை போனாலும் அந்த வேலை செய்கிறவர்கள் போய்விடவில்லை. ஹாரனை அமுக்கிக்கொண்டு புளோக் புளோக்காக வந்து பழம்பொருள் வாங்கும் கராங் குனிக்காரர் இன்னும் இருக்கிறார். பழைய செய்தித்தாளுக்குக் காசும் கொடுப்பார். விடிந்தும் விடியாத நேரத்தில் தேக்கா நிலையச் சந்தையின் பின்பக்கம் போய்ப் பாருங்கள். மாம்பழம் வந்த அட்டைப்பெட்டி, வெங்காயச் சாக்கு, மீன் வந்த வெள்ளை நுரைப்பெட்டி எல்லாம் ஈரத்தோடு குவிந்து கிடக்கும். எழுபதைத் தாண்டிய ஒரு பாட்டி தள்ளுவண்டியோடு வருவார். நுரைப்பெட்டியைத் தொடமாட்டார், அதற்கு விலை இல்லை. அட்டைப்பெட்டியை மட்டும் எடுத்து, ஒட்டுநாடாவை நகத்தால் கிழித்து, காலால் மிதித்துத் தட்டையாக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ராஃபியா கயிற்றால் இறுக்கிக் கட்டுவார். ஈரமானதைத் தனியாக ஒதுக்குவார். 40 விழுக்காடு கலப்படம் என்ற பேச்சு அவருடைய அட்டைக்கட்டில் கிடையாது. அவர் பிரித்தது பிரித்ததுதான். கிலோவுக்குக் கிடைப்பது சில காசு. 2015இல் ஓர் அமைச்சர், இப்படி அட்டை பொறுக்கும் முதியோரில் சிலர் உடற்பயிற்சியாகவே இதைச் செய்கிறார்கள் என்று எழுதினார். நாட்டின் வீட்டு மறுபயனீட்டுக் கணக்கைத் தன் முதுகில் சுமக்கும் ஒருவருக்கு ஓய்வூதியம் கிடைக்காவிட்டாலும் உடல்நலமாவது கிடைக்கட்டும் என்று நினைத்த அந்த நல்ல மனத்தை நான் மறக்கவில்லை. அந்தப் பாட்டியும் மறந்திருக்கமாட்டார்.

காலணிக் கதையும் இந்த இடத்தில் சொல்லவேண்டும். பழைய காலணியைக் கொடுங்கள், அரைத்து ஓடுதளமும் விளையாட்டுத் திடலும் ஆக்குகிறோம் என்று ஸ்போர்ட் சிங்கப்பூரும் அமெரிக்காவின் டவ் நிறுவனமும் பெட்டிகள் வைத்தன. ராய்ட்டர்ஸ் செய்தியாளர்கள் 11 ஜோடிகளில் இருப்பிடம் காட்டும் கருவியை ஒளித்துப் போட்டார்கள். 2023 பிப்ரவரியில் விடை வந்தது: 10 ஜோடிகள் சிங்கப்பூரைவிட்டே போய், பழைய காலணி இறக்குமதியைத் தடை செய்திருக்கும் இந்தோனேசியாவில் இருந்தன. ஒரு ஜோடிகூடத் திடலாகவில்லை. சுங்கை ரோட்டில் விற்றிருந்தால் திருட்டுச் சந்தை என்பார்கள். இதற்கு நிலைத்தன்மைத் திட்டம் என்று பெயர் இருந்தது. உண்மை தெரிந்ததும் ஏற்றுமதி செய்த ஒப்பந்தக்காரரை நீக்கினார்கள்.

கடைசியாகப் பொறுமை. வீட்டுக் குப்பையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பொட்டலப் பொருள்: புட்டி, டின், உறை, பெட்டி. அதை உண்டாக்கும் நிறுவனங்களிடம் இந்த ஊர் காட்டிய பொறுமையைப் பெற்ற தாயிடமும் பார்க்க முடியாது. 2007இல் ஓர் உடன்பாடு, விரும்பியவர் கையெழுத்திடலாம். 2020 வரை அதுவே நடந்தது. 2019இல் வள நிலைத்தன்மைச் சட்டம் வந்தது. அதன்படி 10 மில்லியன் வெள்ளிக்கு மேல் விற்பனை உள்ள நிறுவனங்கள் எவ்வளவு உறை போட்டோம் என்று அறிக்கை கொடுக்கவேண்டும், கொடுக்கிறார்கள். பானப் புட்டிக்கும் டின்னுக்கும் 10 காசு வைப்புத்தொகை என்று 2023 மார்ச்சில் சட்டம் நிறைவேறியது. 2025 ஏப்ரல் என்று நாள் குறித்து, தயாரிப்பாளர்களுக்கு அவகாசம் வேண்டுமென்று 2026 ஏப்ரலுக்குத் தள்ளினார்கள்.

தமிழ்நாட்டின் நீலகிரியில் இந்த அவகாசம் யாருக்கும் கிடைக்கவில்லை. காட்டில் வீசிய மதுப்புட்டி உடைந்து யானையின் காலைக் கிழிக்கிறது என்ற வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் கண்டிப்புக் காட்ட, 2022 மே மாதம் அரசின் டாஸ்மாக் மதுக்கடைகள் புட்டிக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் புட்டியைக் கொண்டுவந்தால் திருப்பிக் கொடுக்கத் தொடங்கின. குடித்தவர்களே புட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்குத் திரும்பி வந்தார்கள். கற்றறிந்த சிங்கப்பூரர் அதைவிட மோசமாகவா நடந்துகொள்வார்? 2023 ஜூலை 3 முதல் பெரிய பேரங்காடிகளில் பைக்கு 5 காசு என்றதும் பை வாங்குவது பாதிக்கும் கீழே போனதே. இரும்பிலும் பையிலும் காசு என்றதும் ஊர் கேட்டுக்கொண்டது.

கணக்கு எழுதுவதில் இந்த ஊரை அடிக்க ஆளில்லை. எந்த நிறுவனம் எத்தனை டன் பிளாஸ்டிக் உறையைச் சந்தைக்கு அனுப்புகிறது என்ற விவரம் 2022 முதல் ஆண்டுதோறும் தேசிய சுற்றுப்புற வாரியத்தின் கைக்கு வருகிறது. மேசையில் எல்லாம் தயாராக இருக்கிறது: பெயர், எடை, ஆண்டு. ஒரு கிலோவுக்கு எவ்வளவு என்று போட்டு, அந்த நிறுவனங்களுக்கு ரசீது அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. அந்தப் பணத்தில் முதல் பங்கு தேக்காவின் பின்பக்கம் தள்ளுவண்டியோடு வருகிறவருக்குப் போகட்டும்.