குழி விழுந்த பந்துகளின் காலம்

எழுபதுகளின் கடைசியில் கோட்டூர்புரம் பையன்களின் கால்சட்டைப் பையில் கோல்ஃப் பந்து கிடப்பது சாதாரணம். அடையாற்றுக்கு அக்கரையில், நந்தனம் பக்கம், காஸ்மோபாலிடன் கிளப்பின் கோல்ஃப் மைதானம். இக்கரையில், கிண்டி ரேஸ் கோர்ஸின் ஓடுபாதைக்கு நடுவே, ஜிம்கானா கிளப்பின் மைதானம். இரண்டுக்கும் இடையில் எங்கள் ஊர். எங்கள் பிளாக்கில் இருந்த அண்ணன் ஒருவர் விடிவதற்குள் சைக்கிளை எடுத்துக்கொண்டு, ஆடுகிறவர்களின் மட்டைப் பை தூக்கப் போவார். அடிபட்டு வெட்டு விழுந்த பந்துகளை ஆடுகிறவர்கள் அவரிடமே விட்டுவிடுவார்கள். அவை சாயங்காலம் எங்கள் கைக்கு வந்து சேரும்.

சிமெண்டுத் தரையில் ஓங்கிப் போட்டால் முதல் மாடிக்கு மேல் எழும். அலுத்துப்போனால் பிளேடால் மேல்தோலை அறுப்போம். உள்ளே மெல்லிய ரப்பர் நூல், இழுக்க இழுக்க முடியாமல் வரும். சில பந்துகளில் நடுவே திரவம் நிறைந்த சின்னப் பை ஒன்று இருக்கும். எங்கள் கைக்கு வந்த பந்துகளின் குறுக்களவு 1.62 அங்குலம். பிரிட்டிஷ் விதியைப் பின்பற்றிய நாடுகளில் 1990 வரை அந்தச் சிறிய பந்து செல்லுபடியானது. இன்று எங்கும் 1.68 அங்குலத்துக்குக் குறையக் கூடாது.

அண்ணன் பந்தை விரலால் தடவிப் பார்த்தே சொல்வார்: “இது தேஞ்சு போச்சுடா, தூரம் போகாது. குழி நல்லா இருந்தாத்தான் நின்னு பறக்கும்.” ஏன் என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. எங்கள் பாடப் புத்தகத்திலும் அதற்குப் பதில் இல்லை. ஆனால் அவர் கண்டது சரி. காலையிலிருந்து வெயில் ஏறும் வரை நூற்றுக்கணக்கான அடிகளை, பந்து விழுகிற இடம் வரை கண்ணை எடுக்காமல் பார்த்தவருடைய அறிவு அது.

அதே அறிவு அவருக்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஸ்காட்லாந்தில் பிறந்திருந்தது. தோலுக்குள் இறகைத் திணித்துத் தைத்த பந்துதான் அங்கே முன்பு புழங்கியது. 1848-ஐ ஒட்டி, மலாய்க் காட்டு மரங்களின் பாலிலிருந்து கிடைத்த கட்டாபெர்ச்சாவை உருட்டிச் செய்த பந்து வந்தது. விலை மலிவு, மேல்தோல் மழமழப்பு. ஆனால் புதுசாக இருக்கும்போது சட்டென்று தாழ்ந்து விழுந்தது. அடிபட்டுக் கீறல் விழுந்த பின்தான் ஒழுங்காகப் பறந்தது. பந்து செய்கிறவர்களும் ஆடுகிறவர்களும் இதைக் கவனித்தார்கள். பிறகு புதுப் பந்தையே சுத்தியலால் கொத்தி விற்கத் தொடங்கினார்கள். 1905-இல் வில்லியம் டெய்லர் என்ற ஆங்கிலேயர் குழிகளுக்குக் காப்புரிமை வாங்கினார்.

காரணம் தெரிய இன்னும் சில ஆண்டுகள் ஆயின. பாரிஸில் கோபுரம் கட்டிய ஐஃபல், 1912-இல் காற்றுச் சுரங்கத்தில் கோளங்களை வைத்துச் சோதித்தபோது, ஒரு வேகத்தைத் தாண்டியதும் காற்றின் தடை திடீரென்று குறைவதைக் கண்டார். 1914-இல் ஜெர்மனியின் லுட்விக் பிராண்டில் ஒரு கோளத்தின் முன்பக்கம் மெல்லிய கம்பி வளையம் ஒன்றை ஒட்டினார். வழவழப்பைக் கெடுத்ததும் தடை குறைந்தது.

நடப்பது இதுதான். பறக்கும் பந்தின் மேல்தோலை ஒட்டி மிக மெல்லிய காற்றடுக்கு ஒன்று ஓடுகிறது. மழமழப்பான பந்தில் அது அமைதியாக ஓடினாலும் வலுவற்றது. பந்தின் அகன்ற இடத்தை எட்டும் முன்பே தோலை விட்டு விலகிவிடுகிறது. பின்னால் அழுத்தம் குறைந்த பெரிய வெற்றுப்பகுதி உண்டாகி, பந்தைப் பின்னுக்கு இழுக்கிறது. குழிகள் அந்த அடுக்கைக் கலக்குகின்றன. வெளியில் வேகமாகப் போகும் காற்று உள்ளே கலந்து அதற்கு வலு கொடுக்கிறது. அது பந்தின் பின்புறம் வரை ஒட்டிக்கொண்டே போகிறது. பின்னிழுக்கும் பகுதி சுருங்கித் தடை ஏறத்தாழப் பாதியாகிறது. குழியின் ஆழம் கால் மில்லிமீட்டர் அளவுதான். மழமழப்பான பந்தில் இந்த மாற்றம் தானாக நடக்க மணிக்கு 400 கிலோமீட்டர் அளவு வேகம் வேண்டும். தேர்ந்த ஆட்டக்காரர் அடியில் பந்து கிளம்புவதோ மணிக்கு 250 கிலோமீட்டரில்.

இன்னொன்று சுழற்சி. சாய்ந்த முகமுள்ள மட்டை பந்தைப் பின்னோக்கிச் சுழல வைக்கிறது. முதல் அடியில் நிமிடத்துக்கு 2,500 சுற்று அளவு. அந்தச் சுழற்சி காற்றைக் கீழே தள்ளி, பந்தை மேலே தாங்குகிறது. எந்தச் சுழற்சியும் பந்துக்குக் கெடுதல் என்று பழைய ஆட்டக்காரர்கள் பாடம் சொல்லிவந்தார்கள். தூரத்துக்குக் காரணமே பின்சுழற்சிதான் என்று 1890-களில் நிறுவியவர் எடின்பரோவின் பேராசிரியர் பீட்டர் கத்ரி டெய்ட்.

நம் தெருவில் ஆடும் கிரிக்கெட்டுக்கும் இதே காற்றுதான். ஒரு பக்கம் தேய்த்துப் பளபளப்பாக்கி, மறுபக்கம் சொரசொரப்பாக விட்டால் பந்து வளைகிறது. தையல் சாய்ந்திருந்தாலும் வளைகிறது. இதைக் காற்றுச் சுரங்கத்தில் அளந்து விளக்கியவர்களில் முதன்மையானவர் நாசாவில் பணியாற்றிய இந்திய வம்சாவளியினர் ரவீந்திர மேத்தா. விளையாட்டுப் பந்துகளின் காற்றியக்கம் பற்றி 1985-இல் அவர் எழுதிய கட்டுரை இன்றும் இத்துறையினர் முதலில் புரட்டுவது.

இப்போது கோட்டூர்புரத்தில் 2010-இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. காந்தி மண்டபம் சாலையில் பெரியார் அறிவியல் மையமும் 1988 முதல் பிர்லா கோளரங்கமும் இருக்கின்றன. ஒரு நடையில் ஐஐடி. நாங்கள் கேட்ட “ஏன்” என்ற கேள்விக்கு இன்றைய பிள்ளைக்குக் கைப்பேசியில் அரை நிமிடத்தில் பதில் கிடைக்கும். எனக்கு இதில் உண்மையான சந்தோஷம். ஆனால் அந்தப் பிள்ளையின் கையில் பந்து இல்லை. காலி மனைகளில் அடுக்குமாடிகள் எழுந்துவிட்டன. ஆட வேண்டுமானால் மணிக் கணக்கில் வாடகை கொடுத்து டர்ஃபுக்குப் போக வேண்டும். பந்தும் மாறிவிட்டது. 2000-இல் டைட்டிலிஸ்ட் புரோ வி1 வந்த சில ஆண்டுகளில் ரப்பர் நூல் சுற்றிய பந்து வழக்கொழிந்தது. இப்போது அறுத்தால் உள்ளே கெட்டியான ரப்பர். பிரித்துப் பார்க்க எதுவும் இல்லை. அன்று எங்களிடம் பந்து இருந்தது, விளக்கம் இல்லை. இன்று விளக்கம் இருக்கிறது, பந்து இல்லை.

இரண்டையும் சேர்ப்பது கடினமான காரியமல்ல. அறிவியல் மையத்தில் ஒரு மேசை போதும்: மழமழப்பான பந்து ஒன்று, கீறல் பந்து ஒன்று, குழிப் பந்து ஒன்று, வேகமாக வீசும் காற்றுக் குழல் ஒன்று, இழுவையைக் காட்டும் தராசு ஒன்று. பிள்ளைகள் தாங்களே தொட்டு, மாட்டி, முள் எங்கே நிற்கிறது என்று பார்க்கட்டும். பக்கத்திலேயே மைதானத்தில் பை தூக்குகிறவர் ஒருவரை வரவழைத்துப் பேசச் சொல்லலாம். குழி தேய்ந்த பந்து எத்தனை கஜம் குறையும், மழை ஈரத்தில் எப்படி ஓடும், கடற்காற்றுக்கு எதிரே எவ்வளவு தாழ அடிக்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். பிராண்டிலின் கம்பி வளையத்துக்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே கீறல் பந்தை அடையாளம் கண்டவர்களும் இவரைப் போலக் கண்ணால் பார்த்தே அறிந்தவர்கள்தான். விஞ்ஞானத்தின் வரலாற்றில் அவர்களுக்கு உரிய இடத்தைக் கொடுப்பதும் பாடம்தான்.