லாடம் கட்டிய பூட்ஸ்

நாமக்கல் பக்கம் ஜேடர்பாளையத்தில் இருக்கும் அப்பாருக்கு நியூசிலாந்திலிருந்து பேரன் எழுதிய கடிதம், நலம் விசாரித்த கையோடு செருப்புக்குத் தாவிவிடுகிறது. "இங்க ஆத்துல எறங்கோணும்னா, பூட்ஸோட அடிப்பக்கத்துக்கும் சட்டம் இருக்குதுங்க அப்பாரு."

பேரனுக்குத் தென் தீவின் சவுத்லாந்தில் மாட்டுப்பண்ணை வேலை. பக்கத்தில் கோர் என்ற ஊர். அங்கே நடுவூரில் பழுப்பு டிரவுட் மீனுக்குப் பெரிய சிலையே வைத்திருக்கிறார்கள். "நாமக்கல்லுல கோழிக்குச் சிலை வெச்சாச்சுங்களா?" என்று கேட்கிறார்.

டிரவுட் பிடிப்பவர்கள் முழங்கால், இடுப்பு ஆழத்தில் ஓடும் தண்ணீரில் நின்றுதான் தூண்டில் வீசுகிறார்கள். அடியில் கூழாங்கல், அதன்மேல் பாசி. பல காலம் இதற்குக் கைகொடுத்தது ஃபெல்ட் எனும் கம்பளத்துணி அடி. மெத்தென்ற அந்த இழைகள் பாசியை அமுக்கிக் கல்லின் சொரசொரப்பைப் பிடித்துக்கொள்ளும். வெறும் ரப்பரோ பாசிமேலேயே சறுக்கும். லாரிக்குப் பேர்போன நாமக்கல்காரருக்கு மொட்டை டயரின் குணத்தை விளக்க வேண்டியதில்லை.

அவ்வளவு நல்ல கம்பளத்தைத்தான் 2008இல் நியூசிலாந்து மீன்பிடிப்பவர்களுக்குத் தடை செய்தது.

காரணம் டிடிமோ. வட அரைக்கோளத்து ஆறுகளின் இந்தப் பாசி 2004இல் சவுத்லாந்தின் வையாவ் ஆற்றில் தட்டுப்பட்டது. கற்களை மூடிப் பழுப்பு நிறத்தில், பார்வைக்குக் கொழகொழவெனத் தொங்கும். 'பாறைச் சளி' என்பது மக்கள் வைத்த பெயர். ஒரு சொட்டு ஈரத்திலேயே அடுத்த ஆற்றுக்குப் போய்விடும். கம்பள அடியோ எளிதில் காயாது. தெரிந்தே இதைப் பரப்பினால் ஐந்து ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் டாலர் வரை அபராதம். ரப்பர் பூட்ஸும் தப்பவில்லை. சோப்புத் தண்ணீரில் கழுவி, தொட்டால் ஈரம் இல்லாத அளவுக்கு உலர்த்தி, அதற்குப் பிறகும் 48 மணி நேரம் காயப்போட வேண்டும். ஊரில் மிளகாய் வற்றலுக்குக்கூட இத்தனை கவனிப்பு இல்லை.

ஆக, கடையில் மிச்சம் இருப்பது ரப்பர் அடியும் அதில் திருகும் ஆணிகளும்தான். உழவு மாட்டுக்கு லாடம் அடிப்பது போலத்தான் என்கிறார் பேரன். டங்ஸ்டன் கார்பைடு ஆணி பாசியைக் கிழித்துக் கல்லில் பதியும்; ஆனால் வழவழப்பான கெட்டிப் பாறையில் கிறீச்சென்று வழுக்கும். அந்த இடத்துக்கு அலுமினியப் பட்டை மேல், இளகிய உலோகம் கல்லோடு உரசி நிற்கும் என்பது அங்கே பழகியவர்கள் பேச்சு. பட்டை சீக்கிரம் தேயும், அது வேறு செலவு.

காவிரிக் கதவணைக்குக் கீழே வெறுங்காலில் நின்று கெண்டை பிடித்தவர் அப்பாரு. கால்விரலால் கல்லைக் கவ்வி, ஒரு காலை ஊன்றிய பிறகே மறுகாலை நகர்த்துவார். அந்த நடை அங்கேயும் செல்லும். ஆனால் பனிமலைத் தண்ணீரில் வெறுங்கால் சற்று நேரத்தில் மரத்துப்போகும்.

அப்பாரு அங்கே புறப்பட்டுப் போனால் தூண்டிலையும் செருப்பையும் கழுவிக் காயவைத்து, நாட்டுக்குள் நுழையும் பயண அறிவிப்பில் மறைக்காமல் எழுத வேண்டும். மறைத்தால் 400 டாலர் போகும். உரிமம் இல்லாமல் தூண்டில் போடக் கூடாது. பிடித்த டிரவுட்டைத் தின்னலாம், விற்கக் கூடாது.

அப்பாரு போனில் கேட்டது ஒன்றுதான்: "விக்க முடியாத மீனுக்கு எதுக்குடா இத்தன லாடம்?"