சுதந்திரம் போதாத கையேடு

ஈமேக்ஸ் எடிட்டருக்கு, குனூ என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மனும் தன்னார்வலர்களும் எழுதிய கையேட்டை நகலெடுக்கலாம், திருத்தலாம், விற்றுக் காசும் பார்க்கலாம். உள்ளே இருக்கும் குனூ கொள்கை அறிக்கை போன்ற சில பகுதிகளை மட்டும் தொடக் கூடாது! 2000-இல் வந்த குனூ ஆவண உரிமம் அதற்கு இடம் கொடுத்தது. தொடக் கூடாதென்றால் அது என்ன சுதந்திரம் என்று கொதித்தார்கள், டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பை உருவாக்கும் டெபியன்காரர்கள். அவர்களும் தன்னார்வலர்கள்தாம், சண்டைக்கு நேரமா இல்லை? ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டி, 2006-இல் ஓட்டெடுப்பே நடத்திவிட்டார்கள். மாற்ற முடியாத பகுதி இருந்தால் அது கட்டற்றது அல்ல என்று முடிவானது. சம்பந்தி சண்டையில் மாப்பிள்ளை உள்ளே, பெட்டி படுக்கை வெளியே என்ற கதையாக, ஈமேக்ஸ் டெபியனின் நடுவீட்டில் இருக்க, அதன் கையேடு, கட்டற்றவை அல்லாதவற்றை வைக்கும் 'நான்-ஃப்ரீ' திண்ணைக்குப் போனது. அங்கே துணைக்கு, மூல நிரலைக் கண்ணிலேயே காட்டாத கிராஃபிக்ஸ் கார்டு டிரைவர்கள்.